கண்ணொளி வழங்கிய வெங்கடசாமி

கரிசல் நாடு

விருதுநகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தைக் காண்பர். மழை குறைந்த இந்நிலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். வானம் பொய்க்கும் ஆண்டுகளில் உழவர் படும் துயர் பெரிது. இவ்வறுமையை வெல்ல வழி தேடியோருள் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் முதன்மையானவர்கள். அவர்கள் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தம் ஊரில் நிறுவினர். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும், பட்டாசை அடுத்து அச்சுத் தொழிலும் அங்கே தழைத்தன.

இத்தொழில்கள் மூன்றிற்கும் கையோடு கண்ணும் உழைத்தல் வேண்டும். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவோரும், பட்டாசிற்குத் திரி செருகுவோரும், வண்ணப் படங்களை அச்சிடுவோரும் தம் பார்வையை நம்பியே நாளும் பிழைக்கின்றனர். நாற்பது வயதைக் கடந்ததும் அண்மைப் பார்வை தளர்வது மக்கள் யாவர்க்கும் இயல்பு. முதுமை வந்தெய்துங்கால் கண்புரையும் வந்தெய்துகின்றது. உழைத்துண்ணும் ஏழைக்குக் கண் மங்கினால் கூலி மங்குகின்றது; கூலி மங்கினால் அடுப்பு அணைகின்றது. ஆதலின் கண்ணொளி என்பது ஏழையின் வீட்டில் சோறாகவும் துணியாகவும் விளங்குவது என்று கூறுதல் மிகையாகாது.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதையும் பார்வையற்றோர்க்குப் பார்வை அளிப்பதிலேயே செலவிட்ட பெருந்தகை ஒருவர் இக்கரிசல் மண்ணிலேயே பிறந்தார். அவரே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி ஆவார்.

இளமையும் கல்வியும்

வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அவர்தம் பெற்றோர் உழவுத் தொழில் புரிந்தவர். உடன்பிறந்தோருள் அவரே மூத்தவர். கால்நடைகளை மேய்ப்பதும் வயல் வேலைக்கு உதவுவதும் அவருடைய இளமைக் கடமைகளாய் இருந்தன. எழுதுவதற்குத் தாளும் எழுதுகோலும் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. சிறுவர்கள் ஆற்று மணலைக் கொணர்ந்து தரையிற் பரப்பி, அதன்மீது விரலால் எழுதியே எழுத்தறிவு பெற்றனர். வெங்கடசாமியும் அவ்வாறே கற்றார்.

அவருக்குப் பத்து வயதளவில் உறவினர் வீட்டில் துன்ப நிகழ்ச்சிகள் நேர்ந்தன. அவர்தம் உறவுப் பெண்டிர் சிலர் ஒருவர் பின் ஒருவராகப் பேறு காலத்தில் உயிர் துறந்தனர். உரிய காலத்தில் மருத்துவர் ஒருவர் அருகிருந்திருப்பின் அவ்வுயிர்கள் பிழைத்திருக்கக் கூடும் என்னும் எண்ணம் சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தாம் ஒரு மகப்பேற்று மருத்துவராதல் வேண்டும் என்று அப்போதே அவர் உறுதி பூண்டார்.

அவ்வுறுதி அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றது. அங்கு அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1944ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டமும் பெற்றார். காந்தியடிகளின் எளிமையும், விவேகானந்தரின் தொண்டு நெறியும், அரவிந்தரின் ஆன்மிகச் சிந்தனையும் அவரை மாணவப் பருவத்திலும் அதன் பின்னரும் வழிநடத்தின. இரண்டாம் உலகப் போர் நடைபெற்ற அக்காலத்தில் அவர் இந்தியப் படையின் மருத்துவப் பிரிவிற் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார்.

நோயும் உறுதியும்

விதைத்தது முளைக்கும் வேளையில் வெள்ளம் வந்து பயிரை அடித்துச் செல்வதுண்டு. வெங்கடசாமியின் வாழ்விலும் அத்தகைய வெள்ளம் ஒன்று புகுந்தது. முடக்குவாதம் என்னும் கொடிய நோய் அவரைப் பற்றியது. மூட்டுகள் வீங்கின, கைவிரல்கள் கோணின, எழுந்து நிற்பதும் இயலாதாயிற்று. 1948ஆம் ஆண்டில் படைப் பணியிலிருந்து அவர் விடுவிக்கப்பெற்றார். ஓராண்டிற்கு மேல் படுக்கையே அவருக்கு உலகமாயிற்று. கோணிய விரல்களைக் கொண்டு மகப்பேறு பார்த்தல் அரிதாகலின், பத்து வயது முதல் அவர் பேணி வளர்த்த கனவு சிதைந்தது.

பிறர் ஒருவராயின் இந்நிலையில் மனமுடைந்து ஒதுங்கியிருப்பர். வெங்கடசாமியோ, இக்கைகளால் இனி என்ன செய்தல் கூடும் என்று ஆராய்ந்தார். கண் மருத்துவத் துறையைத் தேர்ந்து மீண்டும் மாணவரானார். பேனாவைப் பிடிப்பதற்கே அரிதாயிருந்த விரல்கள் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பயின்றன. தம் விரல்களின் அமைப்பிற்கு ஏற்பக் கருவிகளையும் அவரே வடிவமைத்துக் கொண்டார். 1951ஆம் ஆண்டில் கண் மருத்துவப் பட்டயமும், 1954ஆம் ஆண்டில் அறுவை மருத்துவ முதுநிலைப் பட்டமும் பெற்றார். அவ்விரல்களே பிற்காலத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன என்றால், மனவுறுதியின் வலிமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ!

மதுரையில் பணி

1956ஆம் ஆண்டில் வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் அமர்ந்தார். இருபதாண்டுக் காலம் அப்பணியில் இருந்தார். மருத்துவமனையைத் தேடி வருவோர் சிலரே. வர இயலாமல் சிற்றூர்த் திண்ணைகளில் இருளில் அமர்ந்திருப்போர் பலர் என்பதை அவர் கண்டார். வண்டிக் கட்டணம் இல்லாமை, உடன் வர ஆள் இல்லாமை, ஒருநாள் கூலியை இழக்க இயலாமை ஆகிய இவையே ஏழையரைத் தடுத்து நிறுத்தின. ஆகவே மருத்துவமே மக்களை நாடிச் செல்லுமாறு ஊர்தோறும் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். அவர் தொண்டைப் போற்றி இந்திய அரசு 1973ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதை வழங்கியது.

மூக்குக்கண்ணாடியின் சுமை

அந்நாளில் கண்புரை நீக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தால்தான் வெங்கடசாமியின் பிற்காலப் பணியின் அருமை நமக்கு விளங்கும். நம் கண்மணியின் பின்னே இயற்கை அமைத்த வில்லை ஒன்று உண்டு. ஒளிக்கதிர்களைக் குவித்து விழித்திரையில் சேர்ப்பது அதன் தொழில். இளமையில் தெளிந்த நீர்போல் விளங்கும் அவ்வில்லை, முதுமையில் பலருக்குப் பால் கலந்த நீர்போல் மங்குகின்றது. அதனையே கண்புரை என்கிறோம். மங்கிய வில்லையை மருத்துவர் எடுத்துவிடுவார். ஒளி உள்ளே புகும். ஆயினும் அதனைக் குவிப்பதற்கு வில்லை இராது. அக்குறையை நிரப்ப, ஏறத்தாழ 10 டயாப்டர் ஆற்றலுடைய தடித்த மூக்குக்கண்ணாடியை அணிதல் வேண்டும்.

பார்வை மீண்டது உண்மையே. ஆனால் அப்பார்வை பல குறைகளை உடையதாயிருந்தது. கண்ணிற்கு முன்னே சற்றுத் தள்ளி நிற்கும் தடித்த வில்லையின் வழியே, பொருள்கள் உள்ள அளவினும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரியனவாகத் தோன்றும். படி அருகில் இருப்பதுபோல் தோன்றும். கால் வைத்தால் தவறும். பார்வையின் ஓரத்தில் வளையம் போன்றதொரு மறைவு உண்டாகும். அம்மறைவிலிருந்து மாடோ வண்டியோ திடீரெனத் தோன்றி அச்சுறுத்தும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டவர்க்கு இரு கண்களின் உருவங்களும் ஒத்து வாராமல் பார்வை குழம்பும்.

வில்லை செய்யப்பட்ட பொருளும் ஒரு சிக்கலாயிற்று. கண்ணாடியால் ஆன வில்லை கீறல் படாது, தெளிவு மிக்கது. எனினும் அது கனமானது. கன செண்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.5 கிராம் எடையுடையது. தடித்த வில்லையாயின் மூக்கின் தண்டை அழுத்திப் புண்ணாக்கும். கீழே விழுந்தால் நொறுங்கும். சி.ஆர்.39 எனப்படும் செயற்கைப் பிசின் வில்லை 1940களில் அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் எடை கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே. எளிதில் உடையாதது, ஆயின் எளிதிற் கீறல் படுவது. எப்பொருளால் ஆனதாயினும் மூக்குக்கண்ணாடி தொலைந்தாலோ உடைந்தாலோ, அறுவை செய்துகொண்ட ஏழை மீண்டும் குருடரே. புதியது வாங்கக் காசு இன்றி, மருத்துவர் அளித்த ஒளியை இழந்து, மீண்டும் திண்ணையில் அமர்ந்தோர் பலர்.

பதினொரு படுக்கைகள்

1976ஆம் ஆண்டில் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்குப் புதிய தொடக்கமாயிற்று. மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு சிறிய கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கி, தாம் போற்றிய அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். தங்கையாராகிய டாக்டர் நாச்சியாரும், அவர்தம் கணவராகிய டாக்டர் நம்பெருமாள்சாமியும், ஏனைய உடன்பிறந்தோரும் அவருக்குத் தோள் கொடுத்தனர். வீடு அடகு வைக்கப்பட்டது. குடும்பத்தாரின் நகைகளும் இப்பணிக்கு உதவின.

இம்மருத்துவமனைக்கு அவர் வகுத்த முறை எளிமையானது. பணம் உடையோர் கட்டணம் செலுத்துவர், இல்லாதோர் செலுத்தவேண்டியதில்லை. இரு சாராரையும் அதே மருத்துவர்களே கவனிப்பர். செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் மிகுதி ஏழையரின் செலவை ஈடு செய்யும். இது நடக்கவேண்டுமாயின் வீண் செலவும் வீண் பொழுதும் கூடா. ஆகவே அறுவை அறையில் இரு மேசைகள் அடுத்தடுத்து இடப்பட்டன. ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாயிருப்பார். சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுப் பயிற்சி அளித்து, மருத்துவரின் வலக்கைபோல் விளங்கச் செய்தனர். அமெரிக்காவிற் சென்றபோது, மெக்டொனால்ட்ஸ் சிற்றுண்டிச் சாலைகள் எங்கும் ஒரே தரத்தில் உணவு வழங்குவதை வெங்கடசாமி கண்டு வியந்தார். உணவிற்கு இயன்றது கண் மருத்துவத்திற்கு ஏன் இயலாது என்பதே அவர் எண்ணம். தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களிலும் அவர் வாழ்நாளிலேயே மருத்துவமனைகள் எழுந்தன.

கண்ணினுள் வில்லை

எடுத்த வில்லைக்கு ஈடாகக் கண்ணினுள்ளேயே ஒரு செயற்கை வில்லையைப் பொருத்தினால் தடித்த மூக்குக்கண்ணாடி வேண்டியதில்லையே என்னும் எண்ணம் இங்கிலாந்தில் முன்னரே தோன்றியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகள் சிலருடைய கண்களில், விமானக் கூண்டின் மறைப்பிலிருந்து சிதறிய பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் பாய்ந்தன. ஹெரால்டு ரிட்லி என்னும் கண் மருத்துவர், அத்துணுக்குகள் கண்ணினுள் தங்கியும் புண் உண்டாக்காமையை உற்று நோக்கினார். பாலிமெதில் மெதாக்ரிலேட் என்னும் அப்பொருளாலேயே வில்லை ஒன்றைச் செய்வித்து, 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் லண்டனில் நோயாளி ஒருவரின் கண்ணில் முதன்முறையாகப் பொருத்தினார். தொடக்கத்தில் எதிர்ப்புகள் பல எழுந்தன. எனினும் 1980களில் செல்வ நாடுகளில் இம்முறையே வழக்கமாயிற்று.

ஆயின் ஏழை நாடுகளின் நிலை என்ன? இறக்குமதியாகும் வில்லை ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. உழைப்பாளி ஒருவர் பல மாதம் உண்ணாமல் சேர்த்தாலும் அத்தொகையைக் காணல் அரிது. ஏழை நாடுகளுக்கு மூக்குக்கண்ணாடியே போதும், கண்ணுள் வில்லை அவற்றிற்கு ஏற்றதன்று என்று கருதிய வல்லுநர்களும் இருந்தனர். குறைந்த பணத்தில் மிகுதியானோர்க்கு உதவுதல் வேண்டும் என்பது அவர்கள் கூறிய காரணம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரவிந்த் மருத்துவமனையிலோ, கட்டணம் செலுத்துவோர்க்குக் கண்ணுள் வில்லையும், செலுத்த இயலாதோர் பலர்க்குத் தடித்த கண்ணாடியும் என்னும் வேற்றுமை உண்டாயிற்று. செல்வர் கண்ணும் ஏழை கண்ணும் ஒன்றே எனக் கொண்ட வெங்கடசாமியின் உள்ளம் இவ்வேற்றுமையைப் பொறுக்கவில்லை.

விலை உயர்ந்தது என்பதற்காக வில்லையைக் கைவிடுவதை விட, வில்லையின் விலையைக் குறைப்பதே வழி என்று அவரும் அவர்தம் குழுவினரும் துணிந்தனர். அமெரிக்க நண்பர்களின் துணையோடு தொழில்நுட்பத்தைப் பெற்று, 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை மதுரையில் நிறுவினர். பாலிமெதில் மெதாக்ரிலேட் வில்லைகள் அங்கே உருவாயின. விலை 10 டாலர் அளவிற்குக் குறைந்தது. பின்னர் அதனினும் தாழ்ந்தது. இன்று ஆரோலேபின் வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

இரு முறைகளுள் எது சிறந்தது என்பதையும் ஆய்ந்தறிந்தனர். கண்புரையால் இரு கண்களும் பார்வையிழந்த 3,400 நோயாளிகளிடம் மதுரையில் ஆய்வு நடத்தப்பெற்று, அதன் முடிவுகள் 1998ஆம் ஆண்டில் வெளியாயின. கண்ணுள் வில்லை பெற்றோரின் பார்வையும் அன்றாட வாழ்வும் தடித்த கண்ணாடி அணிந்தோரினும் மேம்பட்டிருந்தன, தீங்கும் மிகவில்லை. இவ்வாறு கருத்து வேற்றுமையைச் சான்று கொண்டு தீர்த்தமை அறிவியல் நெறியாகும்.

பொருளறிந்து தேர்தல்

கண்ணுள் வில்லை வந்ததனால் மூக்குக்கண்ணாடியின் தேவை தீர்ந்துவிடவில்லை. கிட்டப்பார்வை உடைய மாணவர்க்கும், நாற்பதைக் கடந்த தொழிலாளர்க்கும் அது இன்றியமையாதது. ஆகவே அரவிந்த் முகாம்களில் கண்ணைச் சோதித்து, பலருக்கு அங்கேயே கண்ணாடியும் செய்து கொடுக்கும் முறை ஏற்பட்டது. சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால், ஏழை அதனை மடித்து வைத்துவிட்டு வேலைக்குச் சென்றுவிடுவார் என்பது அனுபவம் கற்பித்த பாடம்.

வெங்கடசாமியின் வாழ்விலிருந்து நாம் அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. ஒரு வில்லைக்குரிய பொருளைத் தேர்வோர், அணிபவர் யார், அவர் செய்யும் தொழில் யாது என்பதையே முதலில் எண்ணுதல் வேண்டும். கண்ணாடி வில்லை நெடுநாள் கீறலின்றி இருக்கும். ஆயினும் பட்டாசுத் தொழிலிலும் பட்டறையிலும் உழைப்போர்க்கு அது ஏற்றதன்று. உடைந்தால் அதன் சில்லுகளே கண்ணிற் பாயும். பிசின் வில்லை இலேசானது, படிப்போர்க்கும் வீட்டில் இருப்போர்க்கும் பொருந்துவது, விலையிலும் எளியது. பாலிகார்பனேட் வில்லை இவற்றினும் இலேசானது. வலிய அடியையும் தாங்குவது. ஆகவே தீயோடும் சிதறும் துகளோடும் பழகுவோர்க்கும் ஓடியாடும் சிறுவர்க்கும் அதுவே சிறந்த காவல். அஃது எளிதிற் கீறல் படுமாகலின் அதன்மேல் காப்புப் பூச்சு இடுவர். ஒளிவிலகல் எண் மிக்க பொருள்கள், ஆற்றல் மிகுந்த வில்லையையும் மெல்லியதாக்க உதவுகின்றன. அவற்றின் விலை மிகுதி.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. எப்பொருளால் ஆன வில்லையாயினும், நாள்தோறும் அணியும் மூக்குக்கண்ணாடி கண்ணின் பக்கங்களை மறைப்பதில்லை. பட்டாசு வெடிக்கும்போதும் வேதிப் பொருள்களைக் கையாளும்போதும் பக்கம் மூடிய காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். தீபாவளி நாளில் பிறர்க்கு மகிழ்ச்சி தரும் ஒளியைச் செய்பவர் கண்ணொளி இழத்தல் தகுமோ?

நிறைவு

வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனையிலிருந்து ஊதியமும் பெறாமல், தம் ஓய்வூதியத்தைக் கொண்டே எளிய வாழ்வு நடத்தினார். முதுமையிலும் விடியற்காலையில் மருத்துவமனைக்கு வந்துவிடும் வழக்கமுடையவர். முடக்குவாதத்தின் வலி வாழ்நாள் முழுதும் அவரை விட்டு அகலவில்லை. அவர் புன்முறுவலும் அகலவில்லை. 2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் தம் 87ஆம் வயதில் மதுரையில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மணலில் விரலால் எழுதிய சிறுவனின் அவ்விரல்கள் கோணின, கனவு சிதைந்தது. எனினும் அக்கோணிய விரல்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளைச் செய்தன. அவர் தொடங்கிய பதினொரு படுக்கைகள் பெருகி, இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர்க்கு ஒளி நல்குகின்றன. இயலாது என்று உலகம் கூறும்போது, எவ்வாறு இயலும் என்று வினவுபவரே அரிய செயல்களை முடிக்கின்றனர்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரைச் சற்று உற்று நோக்குங்கள். ஊசியில் நூல் கோக்க இயலாமல் திணறும் பாட்டியாரும், அரிசியில் கல் பொறுக்க முடியாமல் வருந்தும் அன்னையாரும், தீக்குச்சியைத் தடவி அடுக்கும் அண்டை வீட்டாரும் இருத்தல் கூடும். அவர்களைக் கண் மருத்துவமனைக்கோ முகாமிற்கோ கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.